பாட்டுக்காரரின் கன்னம்

சபைக்குக் கீர்த்தனைகள் எழுதிய பாட்டுக்காரரின் சிலைத் திறப்பன்று ஆலய முற்றத்தில் இருந்தவர்கள்: போதகர், ஒலிபெருக்கியை வேறு யார் கையிலும் தராததால் 'மைக்' என்று பெயர் வாங்கிய சபைச் செயலாளர், சிலையைச் செய்த சிற்பி, பாடகர் குழுவில் பதினொரு பேர், ஆர்மோனியக்காரர், முன்வரிசையில் பாட்டுக்காரரின் பேரனான ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பக்கத்தில் அவருடைய அக்கா. மற்றவர்கள் வெயிலை எட்டிப் பார்த்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

தலைமையாசிரியர் நாற்காலியில் சாயவில்லை. எழுபத்தெட்டு வயதிலும் எங்கும் சாய்ந்து உட்கார்ந்தவரில்லை. பாடகர் குழு அவருடைய தாத்தாவின் பாட்டை பஸ் பிடிக்கிற அவசரத்தில் பாடிக்கொண்டிருந்தது. மூன்றாம் சரணத்தை அப்படியே விழுங்கிவிட்டார்கள். ஆர்மோனியக்காரர் விட்ட சுருதியைத் தேடிக்கொண்டிருந்தார். இவர்களிடம் வேறென்ன எதிர்பார்ப்பது என்று தலைமையாசிரியர் நினைத்தார். உள்ளே காணிக்கை அறையில் வேதபண்டிதர்கள் நால்வரின் படங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. ஆறு வருடம் முன்பு வெள்ளையடிக்கக் கழற்றியவர்கள் பெயர்ப்பலகைகளை மாற்றி மாட்டிவிட்டார்கள். அதைக் கண்டுபிடித்தவர் அவர் ஒருவர்தான். சொன்னபோது மைக் சிரித்தார்: "எல்லாருக்கும் தாடிதானே ஐயா, யாரு பார்க்கப் போறா?"

அந்த மைக்தான் போன வருடம் வீடு தேடி வந்து, பாட்டுக்காரருக்கு மார்பளவுச் சிலை வைக்கச் சபை முடிவு செய்திருப்பதாகச் சொன்னார். போட்டோ வேண்டும் என்றார்.

போட்டோ கிடையாது. மனிதனுக்கு எதற்குப் படம் என்று கடைசிவரை கேமரா முன் உட்காராதவர் தாத்தா.

"இல்லேன்னா சொல்லிடுங்க ஐயா. எதிர்த்தெருக் குடும்பத்துல அவங்க பாட்டனார் போட்டோவ கலர் போட்டு, கண்ணாடி போட்டு, ரெடியா வச்சிருக்காங்க."

எதிர்த்தெருப் பாட்டனார்! வாழ்நாள் முழுக்க நாலே பாட்டு எழுதியவர். அதில் இரண்டு மெட்டு இரவல். அந்த மூஞ்சி முற்றத்தில் நிற்க, அதைக் கடந்து தான் ஆராதனைக்குப் போவதா?

முகத்தை வாயால் சொல்லியிருக்கலாம். தாத்தா இறக்கும்போது அவருக்கு ஐந்து வயது. மடியில் உட்கார்ந்து அந்தக் கன்னத்தின் அம்மைக் குழிகளில் விரல் வைத்து எண்ணியது நினைவிருந்தது. மூடியே கிடந்த இடது கண்ணும் நினைவிருந்தது. ஆனால் 'பொத்தல் மூஞ்சி வீடு' என்று தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்ததும் நினைவிருந்தது. அந்தப் பெயரை அழிக்க இரண்டு தலைமுறை ஆயிற்று. அதைச் சிலையாக்கி மாலை போடுவதா? அவர் உள்ளே போய் பெட்டியைத் திறந்து, சின்னத் தாத்தாவின் படத்தைக் கொண்டுவந்து, இதுதான் தாத்தா என்று கொடுத்தார். கோட்டும் கூர்மூக்குமாக வக்கீல். அண்ணன் பாட்டுகளைக் கேட்டால், "ஒப்பாரி ஆரம்பிச்சுட்டான்" என்று எழுந்து போகிறவர்.

சிற்பி களிமண்ணில் முகத்தைச் செய்துவிட்டுக் கூப்பிட்டனுப்பினார். "அச்சு எடுத்துட்டா அப்புறம் மாத்த முடியாதுங்க. குடும்பத்துல ஒருத்தர் பார்த்து, ஈரம் காயறதுக்குள்ள அடியில கையெழுத்துப் போடணும். அது எங்க பட்டறை வழக்கம்." சற்று நேரம் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க. இந்த உதட்டுல ஒரு இளக்காரம் இருக்கு. பாட்டு எழுதுற ஆளு மாதிரி தெரியல."

"உமக்குச் செய்யத்தான் சொன்னது. ஆராயச் சொல்லல" என்றார் தலைமையாசிரியர். ஆணியை வாங்கி ஈர மண்ணில் முழுப் பெயரையும் பட்டத்தோடு எழுதினார்.

இப்போது போதகர் துணியை இழுத்தார். வெயிலில் சின்னத் தாத்தா பளபளத்தார். கீழே பாடகர் குழுவைப் பார்த்து அந்த உதடு சுளித்திருந்தது. ஒப்பாரி ஆரம்பிச்சுட்டாங்களா என்று கேட்பது போல இருந்தது.

அக்காவுக்கு மெதுவாகப் பேச வராது. போதாததற்கு ஒலிபெருக்கியோடு மைக் பக்கத்திலேயே நின்றிருந்தார். "தம்பி, இது சின்னத் தாத்தால்ல?" என்றது முற்றம் முழுக்கக் கேட்டது.

பாட்டு நின்றது. சிற்பி தலையைத் தூக்கினார்.

"பெரியம்மா என்ன சொல்றாங்க?" என்றார் மைக்.

தலைமையாசிரியரின் முதுகு இன்னும் நிமிர்ந்தது. "அக்காவுக்குக் கண்ணு மங்கிட்டு வருது. ஆள் அடையாளம் தெரியறதில்ல."

அக்கா அவரையே பார்த்தாள். தாத்தா இறந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அந்த இடது கண்ணைத் தினமும் பஞ்சால் துடைத்துவிட்டவள் அவள்தான்.

"ஆமாங்க" என்றாள் மைக்கைப் பார்த்து. "எனக்குக் கண்ணு தெரியறதில்ல. என் தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும். ஹெட்மாஸ்டராச்சே! கொஞ்சம் கையப் பிடிங்க, தடவியாவது பார்க்கிறேன்."

மைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். அவள் விரல்கள் சிலையின் கன்னத்தில் மேலும் கீழும் போய்வந்தன. எதையோ தேடுவது போல ஒரே இடத்தில் சற்று நின்றன. பிறகு திரும்பி, "நல்லா வழவழன்னு இருக்குடா" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். அவரும் தட்ட வேண்டியிருந்தது.

கண் தெரியாத பேத்தி தடவிப் பார்த்தே தாத்தாவை அடையாளம் கண்டுகொண்டதாகச் சபைப் பத்திரிகையில் வந்தது. இன்றும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். அது தவறு. அவளுக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை. மறுநாள் காலை, தம்பியின் சட்டையில் அறுந்திருந்த கழுத்துப் பொத்தானைத் தைக்க உட்கார்ந்தவள், கண்ணாடி போடாமல், முதல் தடவையிலேயே ஊசியில் நூலைக் கோத்தாள்.