யாரும் உட்காராத ஹால்

பஞ்சநதம் வீட்டு ஹாலில் வந்தவர்கள் யாரும் நிலைத்து உட்காருவதில்லை. வருகிறார்கள், "அடேயப்பா" என்கிறார்கள், சோபாவில் அமர்கிறார்கள், காபி பாதி இறங்குவதற்குள் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறார்கள். ஏன் என்றுதான் அவருக்கு விளங்கவில்லை.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்தில் அப்படி ஒரு ஹால் வேறு யார் வீட்டிலும் இல்லை. பஞ்சநதமே அதைப் பலரிடம் சொல்லியிருக்கிறார். ஒரு சுவர் முழுக்கப் பனிமலை. சுவரில் ஒட்டுகிற காகிதம்தான். ஆனால் மலையடியில் ஏரி, ஏரியில் படகு என்று குறையில்லாமல் இருக்கும். அதற்கு எதிரே எல் வடிவத்தில் ஒரு வெள்ளை சோபா. வாசல் வழியாக அது நுழையவில்லை. ஜன்னல் கம்பியை அறுத்து எடுத்து, சோபாவை உள்ளே இறக்கி, மறுபடி கம்பியைப் பற்றவைத்தார்கள். இனி அந்த சோபா வெளியே போக வேண்டுமென்றால் வீட்டை இடிக்க வேண்டும். கடையில் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை. பிரித்தால் புதுசு என்று எப்படித் தெரியும்?

எல்லாவற்றுக்கும் மேலே ஃபால்ஸ் சீலிங். தளத்துக்குக் கீழே இரும்புச் சட்டம் தொங்கவிட்டு, அதில் ஜிப்சம் பலகைகளை முடுக்கினால் இரண்டாவதாக ஒரு கூரை கிடைக்கும். நடுவில் மட்டும் பலகையைச் சதுரமாக மேலே ஏற்றி, கவிழ்த்து வைத்த பெட்டி மாதிரி ஒரு பள்ளம் விட்டிருந்தார்கள். பள்ளத்தின் விளிம்பில் ஒளிந்துகொண்டு நீல விளக்கு எரியும். பள்ளத்துக்குள் தங்க நிறத்தில் ஒரு ஃபேன்.

இதையெல்லாம் செய்து கொடுத்தவர் தஞ்சாவூரிலிருந்து வந்த ராஜ்குமார். வீட்டு உள் அலங்கார வேலை அவருக்கு. வீட்டுக்காரர் என்ன சொன்னாலும் "செஞ்சிடலாம் சார்" என்பது அவர் தொழில் ரகசியம். முதலில் அவர் ஃபேனை நீளமான ராடில்தான் தொங்கவிட்டார். பஞ்சநதத்துக்கு அது பிடிக்கவில்லை.

"பூ மாதிரி லைட்டைப் போட்டுட்டு, நடுவுல பாகற்காய் தொங்குற மாதிரி ஒண்ணைத் தொங்கவிட்டிருக்கீங்களே தம்பி. அது உள்ளயே அடங்கிடணும்."

"அடக்கிடலாம் சார்."

குட்டை ராடு போட்டார்கள். ஃபேன் பள்ளத்துக்குள் அடங்கியது. கழற்றிய ரெண்டடி ராடு ஆட்டுக்கொட்டகைக் கதவுக்குத் தாழ்ப்பாளாகப் போய்ச் சேர்ந்தது.

ஹாலில் ஏதோ கோளாறு என்பது பஞ்சநதத்துக்கும் அவர் மனைவி தங்கமணிக்கும் வெகு நாள் தெரியாமல் இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அவர்கள் இருவரும் அங்கே உட்கார்ந்ததே இல்லை. சாப்பாடு, டிவி, மதியத் தூக்கம் எல்லாம் கொல்லைப்பக்கத் தாழ்வாரத்தில்தான். ஹால் வருகிறவர்களுக்கு. பஞ்சநதம் ஹாலை அனுபவிக்க நினைத்தால் நிலைப்படியில் நின்று பார்த்துவிட்டு வருவார்.

சிக்கல், மகன் கல்யாணத்தில் வந்து நின்றது. மகன் செந்தில்குமாருக்குச் சிங்கப்பூரில் வேலை. கூட வேலை பார்க்கும் வானதியைக் கட்டிக்கொள்ள ஆசை. வானதியின் அப்பா இளையபெருமாள், கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், சித்திரையில் ஒரு நாள் மனைவியோடு மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார். மதியம் சாப்பிட்டுப் போவதாகப் பேச்சு. சம்பந்தம் பேசுகிற வீட்டில் சும்மா சாப்பிட்டுவிட மாட்டார்கள். அதற்குக் கை நனைப்பது என்று பெயர். கை நனைத்தால் சம்மதம். நனைக்காமல் எழுந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்.

இளையபெருமாள் சோபாவில் உட்கார்ந்தார். பனிமலையைப் பார்த்தார். துண்டால் கழுத்தைத் துடைத்தார். நெற்றியைத் துடைத்தார். மறுபடி கழுத்தைத் துடைத்தார். உள்ளே தங்கமணி வடை சுட்டுக்கொண்டிருந்தபோதே எழுந்துவிட்டார்.

"கடையில ஆள் இல்லைங்க. இன்னொரு நாள் வர்றோம்."

புழுக்கமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் பெண்ணைக் கொடுக்கப் போகிற வீட்டில், முதல் நாளே வீட்டைக் குறை சொல்லுவது மரியாதையில்லை. எனவே, வீட்டைக் குறை சொல்லாமல் கல்யாணத்தையே வேண்டாம் என்று சொல்வதற்குத் தயாரானார்.

நாலு நாள் கழித்து மகன் போன் செய்தான்.

"அப்பா, வானதி அப்பாவுக்கு நம்ம வீடு பிடிக்கலையாம்."

"ஹாலைப் பார்த்துமா?"

"ஹாலைத்தாம்ப்பா சொல்றாரு. உட்கார்ந்ததும் நெஞ்சு படபடன்னு வந்துச்சாம். வேர்த்துக் கொட்டிடுச்சாம். வாசலுக்கு வந்ததும் சரியாப் போச்சாம். அந்த வீட்ல ஏதோ இருக்கு, அங்க போய் நீ வாழ வேணாம்னு வானதிகிட்ட சொல்லிட்டாரு."

"வேர்த்துச்சா? ஃபேனை அஞ்சுல வச்சிருந்தேன்டா. றெக்கையே கண்ணுக்குத் தெரியல, அந்தச் சுத்து சுத்துச்சு. இது வேற ஏதோ."

வேறு ஏதோ என்பதில் மட்டும் கல்யாணத்துக்கு முன்பே இரண்டு வீடும் ஒத்துப்போயின.

"வானதி அழுது புலம்பி இன்னொரு தடவை வரச் சம்மதிக்க வச்சிருக்கா. வைகாசி வளர்பிறையில வர்றாங்க. அன்னைக்கும் கை நனைக்கலைன்னா அவ்வளவுதாம்ப்பா. அவளுக்கு வேற இடத்துல ஜாதகம் எடுத்துட்டாங்க."

அந்த ஏதோ என்ன என்று கண்டுபிடிக்கும் வேலை தொடங்கியது. எதையாவது சரிசெய்தால் சரியாகிவிட்டதா என்று அளந்து பார்க்க ஒரு கருவி வேண்டும். தங்கமணி அதற்குப் பக்கத்து வீட்டுக் கண்ணாத்தாளைப் பயன்படுத்தினாள். நல்ல தேர்வு. பஸ் நிறுத்தத்துக் கட்டையில்கூட அரை நாள் உட்கார்ந்து பேசக்கூடியவள் கண்ணாத்தாள். அவளே பாதி காபியில், "வா தங்கம், வாசல்ல நின்னு பேசுவோம்" என்று எழுந்தாள்.

"ஏங்க்கா, உள்ள என்ன குறை?"

"குறை ஒண்ணுமில்லடி. ராஜா வீடு மாதிரி இருக்கு. என்னமோ தெரியல, உள்ள உட்கார்ந்தா கொல்லையில கிடக்கிற வேலையெல்லாம் ஞாபகம் வருது."

முதலில் திருஷ்டி என்றார்கள். வாசலில் பூசணிக்காய் கட்டினார்கள். கண்ணாத்தாள் பாதி காபியில் எழுந்தாள். அடுத்து வாஸ்து பார்ப்பவர் வந்தார். சோபா மூலை மாறி நிற்பதுதான் கோளாறு என்றார். நாலு பேர் சேர்ந்து சோபாவைத் திருப்பியதில் சாமி அறைக் கதவு பாதிதான் திறந்தது. தங்கமணி சாமி கும்பிட நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நுழைந்தாள். கண்ணாத்தாள் அதே பாதி காபியில் எழுந்தாள். பிளாஸ்டிக் உறை சூடு ஏற்றுகிறது என்று தங்கமணி சொன்னதில் நியாயம் இருந்தது. பஞ்சநதம் மனசைக் கல்லாக்கிக்கொண்டு உறையைப் பிரித்தார். கண்ணாத்தாள் இந்த முறை முக்கால் காபி வரை தாங்கினாள்.

"ஹாலுக்கு ஒரு ஏ.சி. போட்டுடலாம் சார்" என்றார் ராஜ்குமார் போனில். படுக்கையறை ஏ.சி.யே வயல் மோட்டார்கள் ஓடுகிற நேரத்தில் வோல்டேஜ் இல்லாமல் முனகி நின்றுவிடுகிறது. இன்னொன்றையும் சேர்த்து முனகவிடுவதில் பஞ்சநதத்துக்கு விருப்பமில்லை.

"அப்ப மலைப் படத்தை மாத்தி அருவிப் படம் ஒட்டிடலாம் சார். கூலா இருக்கும்."

வளர்பிறை வந்துவிட்டது. மறுநாள் கும்பகோணத்துக்காரர்கள் வருகிறார்கள். ஆனால் வயல், கல்யாணத்துக்காகக் காத்திருக்காது. குறுவைக்கு விதைநெல் தயார் செய்ய வேண்டும். பஞ்சநதம் காலையிலேயே கொல்லைக் களத்தில் நெல்லைத் தூற்றத் தொடங்கினார். முறத்தில் அள்ளித் தலைக்கு மேலிருந்து கொட்டினால், காற்றில் பதர் தள்ளிப் போய் விழும். கனமான நெல் நேரே கீழே விழும். அன்று காற்றே இல்லை. அதற்கென்றே வைத்திருக்கும் ஸ்டாண்ட் ஃபேனைக் கொண்டுவந்தார். வெயிலில் மோட்டார் சூடாகிவிடும் என்று, அடுக்கியிருந்த நெல் மூட்டைகளுக்கு நடுவில் இருந்த சந்தில் அதைச் செருகி வைத்தார். பின்னால் மூட்டை, இரண்டு பக்கமும் மூட்டை.

நெல்லைக் கொட்டினார். பதரும் நெல்லும் கைகோத்துக்கொண்டு காலடியில் விழுந்தன. ஃபேனைப் பார்த்தார். முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. மறுபடி கொட்டினார். மறுபடி காலடியிலேயே விழுந்தது.

"ஏங்க, உங்களுக்கு மூளை களத்துல கழண்டு விழுந்துடுச்சா?" என்றாள் தங்கமணி, தாழ்வாரத்தில் காய் நறுக்கியபடியே. "மூட்டையை முதுகுல ஒட்டி வச்சா அது எங்கேர்ந்து காத்தை இழுக்கும்? வெளிய எடுத்து வைங்க."

வெளியே எடுத்து வைத்தார். அடுத்த முறத்தில் பதர் பறந்துபோய்த் தென்னை மரத்தடியில் விழுந்தது.

பஞ்சநதம் முறத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

ஃபேன் காற்றை உண்டாக்குவதில்லை. இருக்கிற காற்றை முதுகுப்பக்கம் இழுத்து முகத்துப்பக்கம் தள்ளுகிறது, அவ்வளவுதான். வயலில் தண்ணீர் இறைக்கிற மோட்டாரும் அப்படியே. உறிஞ்சும் குழாயின் வாயில் சாக்கைக் கட்டினால் மோட்டார் எவ்வளவு ஓடினாலும் வாய்க்காலுக்குத் தண்ணீர் வராது. ஸ்டாண்ட் ஃபேனுக்கு முதுகு என்பது சுவர்ப்பக்கம். தொங்குகிற ஃபேனுக்கு முதுகு என்பது கூரைப்பக்கம். அந்த முதுகைத்தான் அவர் ஜிப்சம் பெட்டிக்குள் அடக்கச் சொல்லியிருந்தார்.

களத்தில் கிடந்த பதரை முறம் நிறைய அள்ளிக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

"என்னங்க, எங்க போறீங்க? ஐயோ, சோபா! நாளைக்கு அவங்க வர்றாங்க!"

ஹாலில் ஃபேனை அஞ்சில் வைத்தார். பள்ளத்துக்கு நேர் கீழே நின்று பதரை உயரத் தூக்கிக் கொட்டினார். அறையின் மூலைக்கெல்லாம் பறந்திருக்க வேண்டிய பதர், மழை விழுவது போல நேரே இறங்கியது. வெள்ளை சோபாவின் மேல் அழகாகப் படிந்தது. தூசு மட்டும் மேலே ஏறிப் பள்ளத்துக்குள் நுழைந்து, நீல விளக்கு வெளிச்சத்தில் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. ஃபேன் தள்ளிய காற்று பெட்டியின் பக்கப் பலகைகளில் முட்டி, மேலே திரும்பி, மறுபடி ஃபேனுக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது. அந்த வீட்டில் காற்று வாங்கிக்கொண்டிருந்தது அந்தப் பள்ளம் ஒன்றுதான்.

தங்கமணி தலையில் அடித்துக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டா புகை அந்தக் குழியிலயே நின்னு சுத்துதுன்னு நான் அன்னைக்கே சொன்னேன். 'மஹாலட்சுமி தங்குறா, பேசாம இரு'ன்னீங்க."

பஞ்சநதம் ராஜ்குமாருக்குப் போன் போட்டார்.

"ஏன் தம்பி, ஃபேன் எதுக்குக் கீழ இறங்கித் தொங்கணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"எதுக்குன்னு எனக்கும் தெரியாது சார். நீளமாப் போடணும்பாங்க, போடுவோம். குட்டையா வேணும்பாங்க, போடுவோம்."

"தெரியாமத்தான் இத்தனை வீடு பண்றீங்களா?"

"யாரும் கேட்டதில்ல சார். லைட்டு கலரைத்தான் கேப்பாங்க."

ஆட்டுக்கொட்டகைக் கதவிலிருந்து ராடை உருவினார்கள். துருவைத் தேய்த்து, தங்க நிற பெயிண்ட் அடித்து, அன்று மாலையே மாட்டினார்கள். ஃபேன் பள்ளத்தைவிட்டு இறங்கி, பூவுக்கு நடுவில் பாகற்காயாகத் தொங்கியது. பார்க்க அழகாக இல்லை. ஸ்விட்சைப் போட்டதும் சோபாவில் மிச்சமிருந்த பதர் எழுந்து பனிமலையின் மேல் போய் ஒட்டிக்கொண்டது.

சோதனைக்குக் கண்ணாத்தாளைக் கூப்பிட்டார்கள். அவள் காபியைக் குடித்தாள். இரண்டாவது காபி கேட்டாள். தன் நாத்தனார் வீட்டுச் சண்டையை ஆதியிலிருந்து தொடங்கினாள். விளக்கு வைத்த பிறகும் எழவில்லை.

"அக்கா, கொல்லையில உனக்கு வேலை கிடக்குமே?" என்றாள் தங்கமணி.

"கிடக்கட்டும் போ. காலம்பறப் பார்த்துக்கலாம்."

மறுநாள் இளையபெருமாள் கையில் துண்டோடுதான் உள்ளே வந்தார். சோபாவின் நுனியில், எழுந்து ஓடத் தோதாக உட்கார்ந்தார். துண்டு கையிலேயே இருந்தது. கொஞ்ச நேரத்தில் தோளுக்குப் போனது. அப்புறம் அவர் பின்னால் சாய்ந்தார். படகில் ஏன் ஆளில்லை என்று கேட்டார். பஞ்சநதம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து காய்ந்துதான் இருந்தது.

ஹாலிலேயே பாய் விரித்து இலை போட்டார்கள். கொல்லையில் தாழ்ப்பாள் இல்லாத கதவைத் தள்ளிக்கொண்டு ஆடுகள் வெளியேறும் சத்தம் கேட்டது. பஞ்சநதம் அசையவில்லை. தங்கமணி சாதம் வைத்துப் பருப்பு ஊற்றினாள். இளையபெருமாள் சாதத்தில் கை வைக்கப் போனவர் நிறுத்தினார். நிமிர்ந்து மேலே பார்த்தார். பஞ்சநதமும் மேலே பார்த்தார்.

"ஃபேனைக் கொஞ்சம் குறைங்க. இலை பறக்குது."

பஞ்சநதமே ஓடிப்போய்க் குறைத்தார். திரும்பி வந்தபோது இளையபெருமாள் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். கை நனைந்துவிட்டது. பாயசம் வரைக்கும் நனைந்தது. மோருக்கு இலையை மடிக்காமல் காத்திருந்தார்.

கை கழுவிவிட்டு வந்து, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவியபடி அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "மனசுல வச்சுக்காதீங்க. போன தடவை இங்க ஏதோ ஒண்ணு இருந்துச்சு. இப்ப அது இல்ல. என்ன பரிகாரம் பண்ணீங்க?"

"பரிகாரம் எல்லாம் இல்லைங்க சம்பந்தி. ஃபேன் பள்ளத்துக்குள்ள மாட்டிக்கிட்டு இருந்துச்சு. ரெண்டடி ராடு போட்டுக் கீழ இறக்கினோம், காத்து வந்துடுச்சு."