குணசேகரன் மூன்று வருடம் கட்டியிருந்த சேலை

தொண்ணூற்று நான்கு மாசியிலிருந்து தொண்ணூற்று ஏழு ஆடி வரை குணசேகரன் ஒரே சேலையில் இருந்தார். அவருடைய துபாய் பேண்ட்டும் சட்டையும் நாடக நடிகை தங்கமணியின் உடம்பில் இருந்தன. திருவிடைமருதூருக்குக் கிழக்கே, அறுப்பு முடிந்த வயலில் போட்ட மேடையில், ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது இந்த மாற்றம் நடந்தது.

தங்கமணியின் கணவர் தியாகராசன் எழுதிய நாடகம் அது. நடவு ஆள் ஒருத்தியை மிராசுதார் வீட்டுக்கு வரச்சொல்கிறார். வேறு வழியில்லாமல் போகிறாள். கடைசிக் காட்சியில் அவர் நிற்க, அவள் அவருடைய ஊஞ்சலில் உட்கார்ந்து, சட்டையைக் கழற்றச் சொல்லி, அவருடைய விலையைக் கேட்பாள். பன்னிரண்டு ஊர்களில் போட்டும் அந்தக் காட்சியை யாரும் பார்த்ததில்லை. காரணம், நோட்டுக் குத்தும் வழக்கம். பிடித்தவர் மேடையேறி ரூபாயை ஊக்கால் நடிகையின் சேலையில் குத்துவார், நாடகம் நிற்கும், மைக்கில் அவர் பெயர் வரும், அவள் கும்பிட வேண்டும். வெளிநாட்டுப் பணம் வரத் தொடங்கிய பிறகு குத்துகிறவர்கள் பெருகினார்கள். கடைசிக் காட்சி வருவதற்குள் போலீஸ் கொடுத்த நேரம் தீர்ந்துவிடும். ஒருமுறையாவது அதைப் பார்த்துவிட்டுத்தான் சாக வேண்டும் என்று தியாகராசன் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு அப்போதே மூச்சு பாதியாகியிருந்தது.

அன்று, துபாயிலிருந்து லீவில் வந்திருந்த குணசேகரன் கொண்டுவந்தது ஐந்நூறு ரூபாய் நோட்டு. தோளில் குத்த வேண்டியதை இறக்கிக் குத்தினார். கையை எடுக்கவும் அவசரப்படவில்லை. ஊக்கு மூடிய சத்தம் மைக்கில் கேட்டது. அடுத்த கணம் அவர் சேலையிலும் தங்கமணி பேண்ட்டிலும் நின்றார்கள். மைக்செட் ஜெய்னுலாபுதீன் பழக்கத்தில் பெயரை அறிவித்துவிட்டு, "இப்ப யாரு யாரைக் கும்பிடணும், அதைச் சொல்லுங்க" என்றார்.

சேலைக்கு முனை இல்லை. கத்தரி போட்ட இடம் கூடிக்கொண்டது.

"நாடகம் பாதியில நிக்குது தம்பி. மிச்சத்தை நடிச்சா சேலை இறங்கிடும்," என்றார் தியாகராசன். "இப்ப நீங்கதான் அவ."

"அந்த வசனத்தையா? ஊருக்கு முன்னாடி நான் பேசவா? போங்கண்ணே."

வேறு யாருக்கும் வேறு வழி தெரியவில்லை. துபாய் கம்பெனி, பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று பதில் எழுதியது. நடவு பார்க்க வரப்பில் நின்றவரிடம், கூலிக்கு நட்டுக்கொண்டிருந்த பூவம்மாள் நாற்று முடியை நீட்டி, "சேலையத் தூக்கிச் சொருகிட்டு எறங்குங்க, சும்மா நின்னா சாயங்காலம் யாரு கூலி தருவா?" என்றாள். இறங்கினார், ஆண்களைவிடக் குறைந்த கூலியே கிடைத்தது. கும்பகோணம் பஸ்ஸில் யாரோ அவர் தோளில் பத்து ரூபாயைக் குத்தினார்கள். முதல் தடவை அடித்தார். நாலாவது தடவை கும்பிட்டார்.

தங்கமணிக்கு பேங்கில் கேட்காமலே நாற்காலி போட்டார்கள். மாதம் ஒருமுறை குணசேகரன் வீட்டு வாசலில் போய் நின்று, "அவருக்கு மூச்சு இருக்கும்போதே வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வருவாள்.

தொண்ணூற்று ஏழு ஆடியில், வாய்க்காலில் தண்ணீர் வந்த வாரம், ஒரு நண்பகலில் குணசேகரன் சேற்றுக்காலோடு அவர்கள் வீட்டுக்கு வந்தார். தியாகராசனைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்தார்கள். தங்கமணி மிராசுதாராக நின்றாள். குணசேகரன் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நாத்து நட்டதுக்குக் கூலி சொன்னீங்க. படுத்ததுக்கும் கூலி சொன்னீங்க. இப்ப நான் கேக்குறேன். சட்டையக் கழட்டுங்க. உங்களுக்கு என்ன விலை?"

"அவசரப்படுறீங்க தம்பி," என்றார் தியாகராசன். "கேட்டுட்டு அவ காத்திருப்பா. அவரு சொல்லியாகணும்ல."

அப்போது சேலையின் முனை அவிழ்ந்து தரையில் விழுந்தது. குணசேகரன் குனிந்து அதை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டார். "மொதல்லேருந்து சொல்றேண்ணே" என்றார். தங்கமணி கழற்றிய பொத்தான்களைத் திரும்பப் போட்டுக்கொண்டாள்.

மூன்று தடவை நடந்தது. மூன்றாவது தடவை கேட்டுவிட்டுக் காத்திருந்தார். தியாகராசன் முழுசாகப் பார்த்தார்.

எட்டு நாள் கழித்து அவரைத் தூக்கிய நாலு பேரில் குணசேகரன் ஒருவர். வேட்டியில் வந்திருந்தார். அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.