ஊசி மாற்றிய துவக்கு

"விசிலை ஊதினால் உங்கடை வாய் தேஞ்சு போயிடுமோ?" என்று கனகாம்பிகை புருஷனைக் கேட்டாள்.

"தேஞ்சது துவக்கின்ரை ஊசி. அதை மாத்தினால்..."

"மாத்தாதேங்கோ எண்டுதானே நான்..."

"...சத்தம் வரும். துவக்கெண்டால் சத்தம் வரவேணும்."

மயிலிட்டியில் சித்திரை விளையாட்டு விழாவின் ஓட்டங்களைத் தொடக்கிவைப்பவர் நமசிவாயம். அதற்கென்று கழகத்திடம் பழைய றிவோல்வர் ஒன்று இருந்தது. குண்டு போகாது, சத்தம் மட்டும்தான். போன வருடம் அதுவும் வரவில்லை. மூன்று தரம் 'டிக்' என்றது. ஓட நின்றவர்கள் கலைந்துபோய்ச் சர்பத் குடித்தார்கள். கடைசியில் செயலாளர் கோபிசங்கர் ஒரு விசிலைக் கொடுத்தான்.

அந்த விசிலுக்குத்தான், அறுபது வயதுக்கு மேற்பட்ட பெண்களின் ஓட்டத்தில் அவர் மனைவி கனகாம்பிகை முதலாவதாக வந்தாள். இந்த வருடமும் வந்தாக வேண்டும். நமசிவாயத்தின் அக்கா பராசக்தி கனடாவிலிருந்து காலில் வெள்ளைச் சப்பாத்தோடு வந்திறங்கி, அதே ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்தாள்.

"மச்சாளிட்டை நான் தோக்கமாட்டன். என்னைப் பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கு, பெட்டைக்குக் கால் ஏலாதோ எண்டு கேட்டவ."

"அதுக்கும் துவக்குக்கும் என்ன?"

"வெடிச் சத்தம் கேட்டால் என்ரை உடம்பு நான் சொல்லுறதைக் கேக்காது. விழுந்து படுத்திடும்."

"சண்டை முடிஞ்சு எத்தினை வருஷம்?"

"அதை உடம்பிட்டைக் கேளுங்கோ."

மறுநாள் நமசிவாயம் கழகத்தின் கடிதமும் பொலிஸ் கடிதமும் எடுத்துக்கொண்டு, துவக்கைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துப் புத்தூருக்கு பஸ் ஏறினார். அங்கே ஏரம்பு தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவர். துவக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தோட்டாவைக் குத்துற ஊசி மொட்டையாப் போச்சு, அண்ணை. பின்னேரம் வாங்கோ."

பின்னேரம் புது ஊசி போட்டு வைத்திருந்தார்.

"ஒருக்கால் சுட்டுப் பாப்பமே?"

"வேண்டாம். ஆறு தோட்டாதான் கிடக்கு. ஆறு ஓட்டம்."

"சத்தம் எப்பிடியெண்டு தெரியவேண்டாமே?"

"எனக்குத் தெரியாத சத்தமே?"

வயது போனவர்களை வெயிலில் காக்க வைக்கக் கூடாது என்பது கழகத்தின் வழக்கம். அதனால் விழாவன்று முதல் ஓட்டமே அந்தப் பெண்களுடையது. எட்டுப் பேர் கோட்டில் நின்றார்கள். கனகாம்பிகை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பக்கத்திலிருந்த வெள்ளைச் சப்பாத்தை ஒருதரம் பார்த்தாள். நமசிவாயம் கையை உயர்த்தினார்.

ஊசி நன்றாக வேலை செய்தது.

ஏழு பேர் நின்ற இடத்திலேயே குப்புறப் படுத்தார்கள். காதைப் பொத்தி, வாயைத் திறந்து, எல்லாம் முறைப்படி. பராசக்தி மட்டும் ஓடினாள். சண்டை தொடங்குவதற்கு முன்பே, எண்பத்திரண்டாம் ஆண்டிலேயே கனடா போனவள். பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்து, "என்ன, எல்லாரும் விழுந்து கும்பிடுறியளோ?" என்று கேட்டாள். பிறகு மிச்சத்தை நடந்துபோய் வென்றாள்.

ஒலிபெருக்கியில் கோபிசங்கர் அறிவித்தான். "முதலாம் இடம் பராசக்தி. இரண்டாம், மூன்றாம் இடங்கள் இன்னும் வந்து சேரேல்லை."

கனகாம்பிகை மண்ணில் கிடந்தபடியே தலையைத் திருப்பினாள். ஒரு முழம் தள்ளி நமசிவாயம் குப்புறக் கிடந்தார். துவக்குப் பிடித்த கை மட்டும் இன்னும் மேலே நின்றது.

"இஞ்சாருங்கோ, சுட்டது நீங்கள்தானே. நீங்கள் ஏன் படுத்தனீங்கள்?"