சலவைக்கடையிலிருந்து வந்த கல்

அந்த நகரத்துக் குழாயில் தண்ணீரா வந்தது? கல்தான் வந்தது! இப்படி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது எதிரி இல்லை. நகரக் குடிநீர் நிலையத்தின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாளே ஒரு வேதியியல்காரி, அவளுடைய கூடப் பிறந்த அண்ணன்தான்.

அண்ணனுக்குச் சலவைக்கடை. பெரிய மெஷினின் ஹீட்டரைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கல் படிந்து கிடக்கும். அதைத் தட்டி எடுத்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, நேரே தங்கச்சி வீட்டுக்கு வருவார். உட்காருவதற்கு முன்னால் டப்பாவைக் கடகடவென்று ஆட்டுவார்.

"இந்தா, உன் ஆபீஸ் தண்ணியில விளைஞ்சது. ஷோகேஸ்ல வை."

அவள் கணவன் விழுந்து விழுந்து சிரிப்பான். அண்ணன் போன பிறகும் சிரிப்பான். அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நிலத்தடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை, தண்ணீர் அப்படித்தான் வரும் என்று மேலதிகாரிகள் கையை விரித்தபோது, ஒற்றைக் காலில் நின்று உப்புக் குறைக்கும் கூடம் ஒன்றைக் கட்ட வைத்தவள் அவள். எத்தனை கூட்டம், எத்தனை விளக்கம், எத்தனை பேருடைய இளக்காரம்! கடைசியில் கட்டி முடித்து, ஒரு நாள் புதுத் தண்ணீரை ஊருக்குத் திறந்துவிட்டார்கள்.

மறுநாள் காலை அவள் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, போன் அலறத் தொடங்கியது. தண்ணீரில் எண்ணெய் கலந்துவிட்டது என்றார் ஒருவர். எத்தனை வாளி ஊற்றினாலும் உடம்பில் சோப்பு போகவில்லை என்றாள் ஒருத்தி. அதற்குள் முழங்கால் வரை நனைந்த பேன்ட்டும் செருப்பில் நுரையுமாக அண்ணனே வந்து நின்றார்.

"என்னத்தக் கலந்து தொலைச்சீங்க? மெஷின்லேர்ந்து நுரை பொங்கித் தெருவுக்கே போயிடுச்சு. ஓட்டல் பெட்ஷீட் அத்தனையும் அதுக்குள்ள கிடக்கு. சாயந்தரம் ஓட்டல்காரர் வந்து நின்னா நான் என்ன பதில் சொல்ல?"

பின்னாலேயே தலைமைப் பொறியாளர் வந்தார். நிழலைக் கண்டாலும் ஒதுங்கி நடக்கிற மனிதர்.

"மேடம், சாயந்தரத்துக்குள்ள இது என்னன்னு சொல்லுங்க. இல்லன்னா கூடத்த மூடிட்டுப் பழைய தண்ணியையே விட்டுடலாம். ஜனங்க பழகின தண்ணி."

ஒரு தடவை மூடினால் பிறகு யாரும் திறக்க மாட்டார்கள். நிச்சயமாக மாட்டார்கள்.

தண்ணீரை மறுபடி பரிசோதித்தாள். உப்பு குறைந்திருந்தது, கிருமி இல்லை, எண்ணெய் மருந்துக்கும் இல்லை. பின்னே கோளாறு எங்கே? கை கழுவக் குழாயைத் திறந்தவளுக்குக் காலையில் தான் குளித்தது நினைவுக்கு வந்தது. அவளுக்கும்தான் கையெல்லாம் வழுவழுவென்று இருந்தது. ஊற்றி ஊற்றி, அதனால்தான் ஆபீசுக்கே தாமதம்.

"அண்ணா, எவ்வளவு சோப்புத் தூள் போட்ட?"

"எப்பவும் போடறதுதான்."

"எப்பவும்னா?"

"இந்த ஊர்ல யாரு அளந்து போடறாங்க? நுரை வர்ற வரைக்கும் கொட்ட வேண்டியதுதான். கை தன்னால அள்ளும்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அட கடவுளே! ஊர் மொத்தத்துக்கும் கை அப்படித்தானே பழகியிருக்கிறது? இத்தனை காலமும் பாதி சோப்பை உப்பே தின்றது, மீதிதான் நுரைத்தது. இன்றைக்குத் தின்ன ஆளில்லை, அத்தனையும் பொங்கிவிட்டது. கூடம் கட்டினோம், குழாய் போட்டோம், சோப்பைக் குறையுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னோமா? படித்து என்ன கிழித்தேன் என்று தன்னையே திட்டிக்கொண்டு, பொறியாளரையும் இழுத்துக்கொண்டு அண்ணன் கடைக்கு நடந்தாள்.

கடை வாசலில் ஒரு நாய் மூக்கில் நுரையோடு தும்மிக்கொண்டிருந்தது. பெட்ஷீட்டுகளை வெறும் தண்ணீரில் அலசவைத்தாள். ஹீட்டரில் இருந்த பழைய கல்லை முழுக்கத் தட்டி எடுக்கவைத்தாள். பிறகு ஒரே ஒரு கரண்டி தூள் போட்டாள்.

"ஒரு கரண்டியா? கைக்குட்டை கூட வெளுக்காது" என்றார் அண்ணன்.

மெஷின் நின்றதும் ஒரு பெட்ஷீட்டை எடுத்து உதறினார். தடவினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மறுபடி தடவினார்.

"என்னங்க, வாயடைச்சுப் போச்சா?" என்றாள் இஸ்திரி மேசையிலிருந்து அண்ணி.

சாயந்தரம் வந்த ஓட்டல்காரர் பெட்ஷீட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது எங்களோடது இல்லையே, புதுசுல்ல?" என்று திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். பொறியாளர் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றார். அன்றைக்கே ஒலிபெருக்கி வண்டி தெருத்தெருவாகக் கிளம்பியது. அதில் பேசியது அவள்தான்: "சோப்பைக் குறைச்சுப் போடுங்க. முன்னாடி உடம்பு கரகரன்னு இருந்தது சுத்தம் இல்ல, உப்பு. இப்ப வழுவழுன்னு இருக்கறது உங்க சொந்தத் தோல்தாங்க!" ஊர் சிரித்தது. மெதுவாகக் கை பழகியது.

சில மாதம் கழித்து, வேறு ஊர் அதிகாரிகள் கூடத்தைப் பார்க்க வந்திருந்தார்கள். அவள் விளக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் அண்ணன். கையில் அதே பிஸ்கட் டப்பா. போச்சு, இன்றைக்குத்தானா வர வேண்டும், இத்தனை பேர் முன்னால் மானம் போகப்போகிறது என்று நினைத்தாள்.

அவர் டப்பாவை மேசைமேல் வைத்தார். ஆட்டவில்லை. அவளே மூடியைத் திறந்தாள்.

உள்ளே ஒன்றும் இல்லை.

"ஹீட்டரத் திறந்தேன். மாவு மாதிரி லேசா இருந்துச்சு, துணியால துடைச்சேன், போயிடுச்சு. தட்டி எடுக்கக் கல்லே இல்ல. இனிமே டப்பா எனக்கு எதுக்கு?" என்றவர், வந்தவர்கள் பக்கம் திரும்பினார். "இவ என் தங்கச்சிங்க. இந்தத் தண்ணி இவ கொண்டு வந்தது. குழாய்லேர்ந்தே ஒரு டம்ளர் பிடிச்சுக் குடிங்க, தாராளமா."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பெருமை, வேறென்ன? அதை மறைக்கவும் அவள் முயலவில்லை.

அன்று மாலை டப்பாவை ஷோகேஸின் நடுத்தட்டில் வைத்தாள். கணவன் எட்டிப் பார்த்தான்.

"உள்ள என்ன?"

"ஒண்ணும் இல்ல" என்றாள், தலையை நிமிர்த்திக்கொண்டு.