சும்மா ஒரு தேர்வு

கோடை வகுப்பின் கடைசி நாள். அவள் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். ஏழாம் வகுப்பில் கணக்கில் தடுமாறிய பிள்ளைகளைத் தேற்றுவதற்காகப் பள்ளி நடத்திய வகுப்பு அது. அவள் தற்காலிக ஆசிரியை. விடுமுறை முடிந்ததும் நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள் என்று ஒரு நப்பாசை.

ஆரம்பத்தில் பிள்ளைகள் அவளைப் பாடாய்ப் படுத்தினார்கள். அதிலும் ‘லொடலொடா’ என்று எல்லோரும் கூப்பிடும் பெண், வாயைத் திறந்தால் மூட மாட்டாள். பின்னம் என்றால் மட்டும் கைகால் உதறும். கெஞ்சிக் கொஞ்சி, அவளையும் ஒரு வழியாகக் கரை சேர்க்கத் தொடங்கியிருந்தாள்.

முந்தின நாள் தேர்வு வைத்தபோது அந்தப் பெண்தான் கேட்டாள்: "மிஸ், மார்க் குறைஞ்சா ஏதாவது செய்வாங்களா?"

"ஒண்ணும் செய்ய மாட்டாங்க. சும்மா ஒரு தேர்வு. தெரியாததை விட்டுடுங்க, பக்கத்துல பார்த்து எழுதாதீங்க."

தலைமையாசிரியை அவளிடம் சொன்னதும் அதுதான். பிள்ளைகள் நம்பினார்கள். அவளும் கறாராகத் திருத்திக் கொடுத்தாள்.

"உங்க திருத்தம் ரொம்ப சுத்தம். தாட்சண்யமே பார்க்கல," என்றார் தலைமையாசிரியை. "பாதி மார்க்கூட வாங்காதவங்களை அனுப்பிடறோம்."

"அனுப்பறதுன்னா?"

"வேற ஸ்கூல் பார்த்துக்கட்டும்."

"நீங்கதானே மேடம் சும்மா ஒரு தேர்வுன்னு சொன்னீங்க?"

"உண்மையைச் சொல்லியிருந்தா நீங்க இரக்கப்பட்டு மார்க்கை அள்ளிப் போட்டிருப்பீங்க."

"இன்னும் கொஞ்ச நாள் கொடுங்க மேடம், தேத்திடறேன்."

"அது முடிஞ்சு போச்சு. ஸ்கூல் திறந்ததும் நீங்க நிரந்தரமா சேர்ந்துக்கலாம். அந்த வேலையைப் பாருங்க."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் வெயிலென்றும் பாராமல் வந்து போயிருந்தாள். இப்போது நன்றி சொல்ல நாக்கு எழவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் எழவில்லை.

வெளியே லொடலொடாவும் அவள் அப்பாவும் காத்திருந்தார்கள். லாரி ஓட்டுகிறவர், இஸ்திரி போட்ட சட்டையில் கூச்சமாக நின்றார்.

"நீங்கதானா மிஸ்? வீட்டுல எப்பப் பாரு உங்க பேச்சுதான். கணக்குன்னா ஓடி ஒளியறவ, இப்ப தானா எடுத்து வச்சு உட்கார்றா."

சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அசட்டுச் சிரிப்புதான் வந்தது. அதற்குள் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"எல்லாம் தெரிஞ்சுதானே சிரிச்சுக்கிட்டு நின்னீங்க?" என்றார்.

மகள் அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "தெரிஞ்சிருந்தா பக்கத்துல பார்த்தாவது எழுதியிருப்பேனே மிஸ்."

வீட்டில் அக்கா கதவைத் திறந்ததும் கேட்டாள்: "வேலை என்னடி ஆச்சு?"

"கிடைச்சிடுச்சு."

"அப்புறம் ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?"

எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "நீ வேண்டாம்னு சொன்னா அந்தப் பிள்ளைங்களைத் திரும்பச் சேர்த்துக்குவாங்களா?"

"மாட்டாங்க."

"அப்புறம் என்ன?"

பஸ்ஸில் வழி நெடுக அவளும் தனக்குத்தானே இதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். அடுத்தவர் வாயில் கேட்டபோது கூசியது.

பள்ளி திறந்த அன்று வேலையில் சேர்ந்தாள். கோடையில் ஈயாக மொய்த்த பிள்ளைகளில் மிஞ்சியவர்கள் எழுந்து வணக்கம் சொன்னார்கள், உட்கார்ந்தார்கள். பாடம் முடியும்வரை ஒருவரும் சந்தேகம் கேட்கவில்லை.