ஒன்பதேமுக்கால் மணி நேரத் தூக்கம்

கோபம் வந்தால் எனக்கு முதலில் காது சூடாகும். அந்த வெள்ளிக்கிழமை கம்பெனி நோட்டீஸ் போர்டின் முன்னால் நின்றபோது இரண்டு காதும் கொதித்தன. 'மலைப் பகுதி ஊழியர்களின் சராசரித் தூக்கம் ஒன்பதேமுக்கால் மணி நேரம். போதிய ஓய்வு கிடைப்பதால், திங்கள் முதல் மலை வேன் 4.15-க்குப் பதிலாக அதிகாலை 3.30-க்குப் புறப்படும்.' கீழே ஹெச்ஆர் சிவசங்கரின் கையெழுத்து. அதற்கும் கீழே ஒரு கொழுத்த கன்றுக்குட்டி படம். கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தது, சனியன்.

என் பெயர் இருசம்மாள். கல்வராயன் மலையில் கரியாலூரைத் தாண்டி ஒரு சின்ன ஊர் எங்களுடையது. கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு துணிக் கம்பெனியில் ஏழு வருடமாகச் சட்டைக்குக் காலர் வைத்துத் தைக்கிறேன். எங்கள் ஊரிலிருந்து மட்டும் பதினான்கு பெண்கள் அங்கே வேலைக்குப் போகிறோம். வீட்டுக்காரர் மிளகு பறிக்கக் கேரளாவுக்குப் போனால் ஆறு மாதம் கழித்துதான் வருவார். இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான்தான் எல்லாம் பார்க்கிறேன்.

ஒன்பதேமுக்கால் மணி நேரமாம். நாலேகால் வேனைப் பிடிக்க நான் இரண்டேமுக்காலுக்கு எழுந்திருக்கிறேன். சோறு ஆக்கி, பிள்ளைகளுக்கு எடுத்துவைத்து, தண்ணீர் பிடித்து, வேன் நிற்கிற வளைவு வரைக்கும் ஒன்றரை கிலோமீட்டர் டார்ச் அடித்துக்கொண்டு நடக்கவேண்டும். ராத்திரி படுக்கப் பத்து மணி ஆகும். கணக்குப் பாடத்தில் ஃபெயில் ஆனவள்தான் நான். ஆனாலும் பத்திலிருந்து இரண்டேமுக்கால் வரை எத்தனை மணி நேரம் என்று எனக்குத் தெரியும்.

பிறகு அந்த ஒன்பதேமுக்கால் எங்கிருந்து வந்தது? எங்களிடமிருந்துதான் வந்தது. அதை நினைத்தால்தான் இன்னும் ஆத்திரம்.

நாலு மாதத்துக்கு முன்னால் கம்பெனியில் எல்லாருடைய போனிலும் ஒரு கேமை ஏற்றினார்கள். பெயர் 'தூங்கு கன்னு'. படுக்கப் போகும்போது 'தூங்கப் போறேன்' என்ற பொத்தானை அமுக்கிவிட்டு, போனைத் தலைமாட்டில் வைத்துவிட வேண்டும். காலையில் 'எழுந்துட்டேன்' என்று அமுக்க வேண்டும். நடுவில் போன் அசையாமல் இருந்தால் நாம் தூங்குகிறோம் என்று அர்த்தம். நாம் தூங்கத் தூங்க, போனுக்குள் இருக்கிற கன்றுக்குட்டி கொழுக்கும். தூக்கம் கெட்டால் இளைத்துப்போய் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொள்ளும். குறட்டையைக்கூட அது கேட்டு எண்ணிச் சொல்லும். துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு, எங்கள் தொழிலாளிகள் நன்றாகத் தூங்குகிறார்கள் என்று காட்ட வேண்டுமாம். விளையாடாதவர்களுக்கு ஆப்சென்ட் மாதிரி ஒரு சிவப்புப் புள்ளி.

எங்கள் ஊரில் டவர் கிடையாது. பொத்தானை அமுக்கினால் 'நெட்வொர்க் இல்லை, கன்னு ஓடிவிட்டது' என்று எழுதிக் காட்டும். டவர் கிடைக்கிற ஒரே இடம் வேன் நிற்கிற வளைவு. அங்கே சடையன் அண்ணன் தகரக் கொட்டகையில் டீக்கடை வைத்திருக்கிறார். பச்சையம்மாள்தான் வழி கண்டுபிடித்தாள். என் பக்கத்து மெஷின்காரி, இருபத்தாறு வயசு, விளையாட்டுப் புத்தி.

"யக்கா, வேன வுட்டு எறங்கனதும் இங்கியே பட்டனை அமுக்கிட்டு, போன அண்ணன் கடையிலயே மாட்டிட்டுப் போயிடலாம். வூட்ல அத வெச்சிக்கினு இன்னா பண்ணப் போறோம்? காலைல வந்து எடுத்துக்கலாம்" என்றாள்.

சடையன் அண்ணன் கடைச் சுவரில் பதினான்கு ஆணி அடித்தார். தினமும் சாயங்காலம் ஆறரைக்குப் பதினான்கு மஞ்சப் பையில் பதினான்கு போன் அந்த ஆணிகளில் தொங்கும். காலை நாலேகாலுக்கு இறக்குவோம். அசைவே இல்லாத தூக்கம். எங்கள் கன்றுகள் மாடாகிவிட்டன. என்னுடையதற்கு வெள்ளி மணி கட்டி, கொம்புக்குப் பெயின்ட்கூட அடித்துவிட்டது கம்பெனி.

மறைக்க மாட்டேன், எனக்கு அது பிடித்திருந்தது. வீட்டில் ஒரு கோழிகூட என் பேச்சைக் கேட்காது, போனில் ஒரு மாடு என்னால் வளர்கிறதே என்று ஒரு அல்ப சந்தோஷம். முதல் பரிசு ஹாட்பாக்ஸ் எனக்குத்தான் கிடைத்தது. சிவசங்கர் மைக்கை நீட்டி, "எப்டிக்கா இவ்ளோ நல்லா தூங்குறீங்க?" என்று கேட்டான். நான் பல்லைக் காட்டிக்கொண்டு, "மலைக் காத்து சார்" என்றேன். கைதட்டினார்கள். அந்த வாயை ஊசி நூல் போட்டுத் தைத்திருக்கலாம்.

நோட்டீஸைப் பார்த்துக்கொண்டு நின்ற என் தோளை யாரோ இடித்தார்கள். மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்து ராதிகா. அவர்கள் பதினெட்டுப் பேருக்கு ஒரு வேன் ஓடிக்கொண்டிருந்தது. இனிமேல் அதை நிறுத்திவிட்டு, எங்கள் வேனே எங்களை ஐந்தேகாலுக்குக் கேட்டில் கொட்டிவிட்டுத் திரும்பிப் போய் அவர்களை ஏற்றிவருமாம். வேலை ஆரம்பிப்பது ஆறரைக்கு. அதுவரை நாங்கள் கேட்டில் குந்தியிருக்க வேண்டும்.

"இன்னாக்கா மொறைக்கிற? நீங்கதான் ஒம்போது மணி நேரம் தூங்குறீங்களே. நாங்க ஆறு மணி நேரந்தான். கம்மியா தூங்குறவங்களுக்குத்தான் சலுகை" என்றாள் ராதிகா.

"உன் வாய்ல மண்ணப் போட" என்று சொல்லிவிட்டு நேராகச் சிவசங்கரின் ரூமுக்குப் போனேன்.

அவன் ரிஷிவந்தியத்துப் பையன். மரியாதையாகப் பேசுவான், அதில் குறை சொல்ல முடியாது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். டவர் இல்லாதது, ஆணி, மஞ்சப் பை, ஒன்று விடாமல்.

"தூங்குனது போனு சார். நாங்க தூங்கல. போனு ஆணியில தொங்கிக்கினு இருந்துச்சி. தொங்குறதப் பாத்துட்டுத் தூங்குதுன்னு எழுதிட்டீங்க."

அவன் சிரித்தான். "நல்லா பேசுறீங்கக்கா. வேன் டைம மாத்துனதும் இந்தக் கதை வருது. பரிசு வாங்கும்போது வரலையே?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை. "சரி சார், குறட்டை கணக்கு எடுங்க. எங்க பதினாலு பேரு கணக்கையும் பக்கத்துல பக்கத்துல வெச்சிப் பாருங்க."

கம்ப்யூட்டரில் எடுத்துப் பார்த்தான். முந்தின நாள் இரவு பதினொன்று நாற்பதுக்குப் பதினான்கு பேரும் குறட்டை விட்டிருந்தோம். பதினொன்று ஐம்பத்திரண்டுக்குப் பதினான்கு பேரும் நிறுத்தியிருந்தோம். மறுபடி பன்னிரண்டரைக்குப் பதினான்கு பேரும்.

"இது சடையண்ணன் குறட்டை சார். கடையிலயே படுத்துக்குவாரு. பதினாலு பொம்பளைங்க ஒரே மூச்சுல குறட்டை வுடுவோமா?"

அவன் முகத்தில் சிரிப்பு போனது. நம்பிவிட்டான், எனக்குத் தெரியும். நாற்காலியில் சாய்ந்தான். பிறகு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினான்.

"அப்ப பதினாலு பேரும் ஏமாத்தினோம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. கம்பெனி ரிப்போர்ட்டு வெளிநாட்டுக்குப் போயாச்சு. தப்பு எங்க மேல இல்லைன்னு நான் காட்டணும் இல்ல? எழுதிக் குடுத்தீங்கன்னா வேன் டைம பேசலாம்."

"எழுதிக் குடுத்தா வேலைய வுட்டுத் தூக்கிட மாட்டீங்களா?"

"அது மேனேஜ்மென்ட் முடிவுக்கா."

தாளை அவன் மேஜையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை வேன் மூன்றரைக்கு வந்தது. இரண்டு மணிக்கு எழுந்தோம். முக்கால் மணி நேரம்தானே என்று யாராவது நினைக்கலாம். நினைப்பவர்கள் ஒரு வாரம் எங்களோடு வந்து பார்க்கட்டும். ஐந்தேகாலுக்குக் கேட்டில் இறங்கினோம். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. ஜல்லி கொட்டிவைத்திருந்த இடத்தில் முந்தானையைப் போட்டுக் குந்தினோம். கொசு பிடுங்கியது. செவ்வாயும் அப்படித்தான். புதனும் அப்படித்தான். சிவப்புப் புள்ளிக்குப் பயந்து போனை மட்டும் பழையபடி ஆணியிலேயே மாட்டிவந்தோம்.

வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். பச்சையம்மாளின் மெஷின் திடீரென்று ஒரு மாதிரி இறுகிய சத்தம் போட்டு நின்றது. திரும்பிப் பார்த்தேன். அவள் கத்தவில்லை. தன் கையையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆள்காட்டி விரலின் நகத்தில் இறங்கிய ஊசி மறுபுறம் வந்திருந்தது. வெள்ளைக் காலர் முழுக்க ரத்தம்.

"யக்கா, நான் கண்ண மூடிட்டேன் போலருக்கு" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

சக்கரத்தைக் கையால் சுற்றி நான்தான் ஊசியைத் தூக்கினேன். ராதிகா ஓடிவந்து அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். முதலுதவி ரூமில் கட்டுப் போட்டு, ஊசி போட்டு அனுப்பினார்கள். பின்னாலேயே சிவசங்கர் கையில் ஒரு தாளோடு எங்கள் லைனுக்கு வந்தான். அது மெமோ. பச்சையம்மாளுக்கு.

அதைச் சத்தமாகவே படித்தான், எல்லாரும் கேட்கட்டும் என்றுதான். "ஊழியர் முந்தின இரவு ஒன்பது மணி நேரம் தூங்கியிருப்பது பதிவாகியுள்ளது. எனவே விபத்துக்குக் களைப்பு காரணம் அல்ல. கவனக்குறைவே காரணம்."

ரூமில் குறட்டைக் கணக்கைப் பார்த்து நம்பியவன் இவன்தான். தெரிந்தே எழுதியிருக்கிறான். தெரிந்தே என்பதுதான் என்னால் தாங்க முடியவில்லை. என் காது, கழுத்து, நெஞ்சு எல்லாம் பற்றி எரிந்தன. கையில் இருந்த கத்தரிக்கோலை மெஷின் மேல் வைத்துவிட்டேன். அது கையில் இருக்கக் கூடாது என்று தோன்றியது.

"த்தூ! நீயெல்லாம் சோறுதான் துன்றியா? ஒனக்குத் தெரியும்டா. அது சடையண்ணன் கொறட்டைன்னு ஒனக்குத் தெரியும். தெரிஞ்சிக்கினே இந்தப் பொண்ணு தலைல கட்டுறியே!"

"அக்கா, மரியாதையா பேசுங்க."

"மரியாதையா ரூம்ல வந்து பேசுனேனே, கேட்டியா? எங்க தூக்கத்த எண்ணணும், அதானே ஒனக்கு? போனுல எண்ணாத. இங்க, கண்ணால பாத்து எண்ணு."

மெஷினை நிறுத்தினேன். தைக்கிற துணிக்குக் கீழே விரிக்கிற அட்டையை இழுத்து நடைபாதையில் போட்டு, அதன் மேல் நீட்டிப் படுத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று அப்போது யோசிக்கவே இல்லை. பச்சையம்மாள் வந்து கட்டுப் போட்ட கையை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் படுத்தாள். ஒன்றன்பின் ஒன்றாக மெஷின்கள் நின்றன. எங்கள் ஊர்ப் பெண்கள் பதினான்கு பேரும் வரிசையாகப் படுத்துவிட்டோம்.

"எய்ந்திரிங்க! இன்னா நாடகம் இது? டார்கெட் இருக்குது!" என்று அவன் கத்தினான்.

இரண்டு நிமிடம் கண்ணை மூடிக்கிடந்துவிட்டு, எழுந்து, அவனை மானம் போகிற மாதிரி கேட்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். ஐந்தேகாலுக்குக் கேட்டில் கொசுக்கடியில் நீ குந்துவியா என்று கேட்க வேண்டும். உன் வீட்டுப் பொண்ணு விரலில் ஊசி இறங்கினால் மெமோ கொடுப்பியா என்று கேட்க வேண்டும். வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே இருந்தேன். மேலே ஃபேன் ஓடியது. அட்டைக்கு அடியில் சிமென்ட் தரை ஜில்லென்று இருந்தது.

கண்ணைத் திறந்தபோது கன்னத்தில் எச்சில் வழிந்திருந்தது. எங்கே கிடக்கிறேன் என்று ஒரு நிமிடம் புரியவில்லை. ஹால் முழுக்க ஒரு மெஷின் சத்தம்கூட இல்லை. எங்கள் கால்மாட்டில் ராதிகா ஒரு இரும்பு ஸ்கேலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளோடு கச்சிராயபாளையத்துப் பெண்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். யாரையும் கிட்டே விடவில்லை போல.

சிவசங்கர் ஒரு ஸ்டூலில் இருந்தான். முகம் வெளுத்திருந்தது. மெமோவை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தான்.

"அக்கா," என்றான் மெதுவாக. "ரெண்டு மணி நேரம் ஆச்சு. நான் மொதல்ல நடிக்கிறீங்கன்னு நெனச்சேன். பெல் அடிச்சேன். விசில் ஊதுனேன். ஒருத்தரும் அசையல. பயந்தே போயிட்டேன்க்கா."

நான் எழுந்து உட்கார்ந்தேன். மற்ற பதின்மூன்று பேரும் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஜெயம்மாள் வாயைப் பிளந்துகொண்டு, ஒருத்தி காலை இன்னொருத்தி மேல் போட்டுக்கொண்டு. பச்சையம்மாள் என் புடவையைப் பிடித்தபடியே கிடந்தாள். அவமானத்தில் எனக்கு அழுகை வந்தது. இப்படி ஆணும் பெண்ணும் நடமாடுகிற இடத்தில் விழுந்து கிடந்து காட்டினால்தான் நம்புவார்களா? வாயால் சொன்னேனே, அது போதாதா?

"மெமோவ கிழிச்சிடுறேன். நாளையிலருந்து வேன் நாலேகாலுக்குத்தான். மேனேஜர்கிட்ட பேசிட்டேன்" என்றான் சிவசங்கர். பிறகு வாட்சைப் பார்த்தான். "மத்தவங்கள கொஞ்சம் எழுப்புங்கக்கா. லோடு போவணும்."

நான் அவனைப் பார்த்தேன். அடுக்கிவைத்திருந்த வார்த்தை எல்லாம் நெஞ்சில் அப்படியே இருந்தது. ஒன்றைக்கூட அவனுக்காகச் செலவழிக்கத் தோன்றவில்லை.

"நான் எழுப்ப மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, பச்சையம்மாள் பக்கம் திரும்பி மறுபடியும் படுத்துக்கொண்டேன்.