கட்டை குடித்த எண்ணெய்

இலங்கை மலையகத்தில் டயகம பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், பெக்டரி மெஷின்களைப் பழுதுபார்க்கும் பிட்டர் நல்லமுத்துவின் வலக்கையில் இரண்டு விரல்களை ரோலர் மெஷின் எடுத்து ஐந்து மாதமாகியிருந்தது. காயம் ஆறிவிட்டது. அவன்தான் அந்தக் கையை ஸ்வெட்டருக்குள்ளிருந்து வெளியே எடுக்கவில்லை. சாப்பிடும்போதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, இடக்கையால் கரண்டி பிடித்தான். அவன் மனைவி ஜீவராணி கண்டும் காணாதவள் போல இருந்தாள்.

ஹோட்டலாக மாறிக்கொண்டிருந்த தோட்டத்துப் பங்களாவின் பரணில் பழைய பட்டாளத்துத் துவக்கு ஒன்று கிடைத்தது. இனிச் சுடமுடியாதபடி குழாயை அடைத்து, வைத்துக்கொள்ளலாமென்று பொலிஸில் கடிதமும் கொடுத்துவிட்டார்கள். பங்களா வேலைக்காரன் கிஷாந்த் அதைச் சாக்கில் சுற்றி எடுத்துவந்தான்.

"செவுத்துல மாட்டணுமாம். அண்ணன் துப்புரவாக்கித் தருவாரான்னு தொரை கேட்டாரு."

"தருவாரு. வச்சிட்டுப் போ," என்றாள் ஜீவராணி.

அவன் போனதும் நல்லமுத்து கேட்டான். "யாரைக் கேட்டு வாங்குன?"

"நீங்க செய்யாட்டி நான் செய்றேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்தாள். இரும்பெல்லாம் பழைய கிரீஸ், கித்துள் பனைப்பாகு போல இறுகிக் கிடந்தது. துவக்கின் மரக்கட்டையும் கன்னங்கரேலென்றிருந்தது. சேண்ட் பேப்பரால் ஒரு இழுப்பு இழுத்தாள்.

"அதைப் போடாத. கட்டையில உள்ள நம்பர் அழிஞ்சிரும்," வீட்டுக் காம்பராவுக்குள்ளிருந்து நல்லமுத்துவின் குரல் வந்தது.

"அப்ப எப்படிங்க?"

நல்லமுத்து வெளியே வந்தான். அவள் பக்கத்தில் குந்தினான். இடக்கையால் ஸ்க்ரூ டிரைவர் பிடித்தான். இரண்டு தரம் வழுக்கியது. ஜீவராணி அதன் நுனியை ஆணித்தலையில் அழுத்திப் பிடித்தாள். அடுத்த தரம் ஆணி அசைந்தது. கழற்றிய இரும்பைக் கொதிநீரில் போட்டதும் கிரீஸ் உருகி மிதந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் கட்டையைத் துடைக்கத் துடைக்க, கறுப்புக்கு அடியில் பழுப்பு வரிகள் தெரிந்தன.

ஆளிவிதை எண்ணெயை அவள் துணியில் ஊற்றப் போனாள்.

"துணி வேணாம். உள்ளங்கையால தேய்க்கணும். சூடு பட்டாத்தான் கட்டை குடிக்கும்."

அவள் தேய்த்தாள். விடியற்காலையிலிருந்து துணி துவைத்த கை சில்லிட்டிருந்தது. கொழுந்து பறித்து வெடித்த கோடுகளில் எண்ணெய் எரிந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நகரு," என்றான்.

ஸ்வெட்டருக்குள்ளிருந்து வலக்கை வந்தது. இரண்டு விரல்தான் இல்லை, உள்ளங்கை முழுசாக இருந்தது. மேலும் கீழுமாக, நிதானமாகத் தேய்த்தான். வெயிலில் அந்தக் கையை அன்றுதான் அவள் பார்த்தாள்.

"வலிக்குதாங்க?"

"இல்ல. கூசுது."

தன் கையிலிருந்த எண்ணெயை துண்டான அந்த விரல் அடிகளில் மெல்லத் தடவினாள். அவன் இழுத்துக்கொள்ளவில்லை.

நாலு நாள் எண்ணெய் போட்டான். துவக்கைக் கிஷாந்த் எடுத்துப்போன மறுவாரம் வேலை கேட்டுப் பெக்டரி ஐயாவைப் பார்க்கப் போனான். ரோலர் பக்கம் வேண்டாம், பட்டறை மேசை வேலை தரலாம் என்றார். முதல் நாள் வேலை முடிந்து வந்தவன் காலுறையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தான்.

"எடம் எப்படிங்க?" என்றாள்.

"இருட்டுத்தான். ஒரு ஜன்னல் இருக்கு."

"போதுமே."

"அதுல பாத்தா, நீ கொழுந்து பறிக்கிற மலை தெரியுது."